சஹனில் முதலில் கை கழுவியவள்

அளவோடு சாப்பிட்டே ஒரு பெண்ணை மயக்கம் போட வைத்தவள் நான். அளவு என்னுடையது, மயக்கம் அவருடையது. எங்கள் திருகோணமலையில் வேறு யாராவது இப்படி ஒரு காரியம் செய்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. செய்திருந்தாலும் வெளியில் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் இவ்வளவு காலம் சொல்லவில்லை.

முதலில் அந்தக் காலத்து நிரோஜாவைப் பற்றி (என்னைப் பற்றித்தான்) கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓர்ஸ் ஹில்லில் ஒரு கட்டட ஒப்பந்தக் கம்பனியில் எனக்கு கியூ.எஸ். வேலை. வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, இந்தக் கட்டடத்துக்கு இத்தனை மூட்டை சீமெந்து, இவ்வளவு கம்பி, இவ்வளவு மணல் என்று கணக்கிட்டுச் சொல்வது. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்ட குணம் தொற்றிக்கொள்ளும். எதைப் பார்த்தாலும் அளக்கத் தோன்றும். கோயிலில் தேர் வரும்போது எல்லோரும் சாமியைப் பார்த்துக் கும்பிட, நான் தேரில் எத்தனை கன அடி மரம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன்.

இந்தக் குணம் சாப்பாட்டுக்குள் நுழைந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. ஒரு கால்விரலை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். கட்டுப் போட்ட அந்தக் காலைப் பார்த்தபோது அம்மாவுக்கு அழுகை வந்தது. எனக்கு வந்தது அட்டவணை. அன்றைக்கே குசினிச் சுவரில் ஒட்டினேன். தட்டில் பாதி மரக்கறி, கால் பங்கு சிவப்பரிசிச் சோறு, கால் பங்கு மீன், பொரியல் கிடையாது, தேங்காய்ப்பால் ஞாயிற்றுக்கிழமை மட்டும், தேத்தண்ணிக்குச் சீனி என்றைக்குமே இல்லை.

"சமையல் முடிஞ்சுது. இனி இந்த வீட்டில கட்டட வேலைதான்" என்றார் அம்மா.

"விரலைத்தானே பிள்ளை எடுத்தவங்கள், நாக்கை எடுக்கேல்லையே" என்றார் அப்பா.

ஆனால் அப்பாவின் சீனி இறங்கியது. உண்மையிலேயே இறங்கியது. கிளினிக்கில் தாதி மிஸ்ஸே பாராட்டினார். நான் கெட்டுப்போனது அந்த இடத்தில்தான். ஒரு வீட்டில் வென்றவளுக்கு ஊரையே திருத்தலாம் என்ற எண்ணம் வந்துவிட்டது. கடையில் சோடா வாங்கும் முன்பின் தெரியாத மனிதரைக்கூட ஒரு மாதிரிப் பார்ப்பேன். (அவர் மனைவிக்குத் தெரியுமா என்று கேட்பது போல ஒரு பார்வை.)

அதிகம் துன்பப்பட்டவள் பர்ஸானா. எங்கள் அலுவலகத்தில் வரைபடம் கீறுபவள், மூதூர்க்காரி, எனக்குப் பக்கத்து மேசை. மத்தியானம் அவள் உம்மா கட்டிக்கொடுத்த சோற்றை அவிழ்த்தால், நான் அதிலுள்ள எண்ணெயைக் கண்ணாலேயே அளந்து சொல்லிவிடுவேன். அவள் பொறுமைசாலி. ஒரே ஒரு நாள் மட்டும், "நிரோ, நீ பாக்கிற பார்வையில என்ட கறிக்கே வெக்கம் வந்திரும்" என்றாள்.

பர்ஸானாவுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை தோப்பூர். கலியாணம் முடிந்து சில நாட்களில், மாப்பிள்ளையின் ஆட்களுக்குப் பெண் வீட்டில் ஒரு விருந்து. இரண்டு குடும்பமும் முதல்முறையாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாகச் சாப்பிடும் நாள். அதற்கு என்னையும் அம்மாவையும் கட்டாயம் வரச் சொன்னாள். அன்றைக்குத் தன் உம்மா படப்போகும் பதற்றத்தைப் பற்றியும் சொன்னாள். "மாப்பிள்ள ஊட்டு ஆக்கள் சாப்பாட்டுல குத்தம் சொல்லிட்டாங்கண்டா உம்மா அத மௌத்தாகு மட்டும் மறக்க மாட்டா. வேற ஆளிட்ட சமையல குடுக்க மாட்டனெண்டு நிக்கிறா."

நான் அதைக் காதில் வாங்கினேன். மண்டையில் வாங்கவில்லை.

மூதூர் பஸ்ஸில் அம்மா வெறும் வயிற்றோடு ஏறினார். "விருந்துக்குக் கூப்பிட்டவை. வீட்டில சாப்பிட்டிட்டுப் போய் அங்க கொறிச்சுக்கொண்டு இருந்தா நல்லாவா இருக்கும்?" நான் ஓட்ஸ் கஞ்சி குடித்துவிட்டுத்தான் ஏறினேன். பாதுகாப்புக்காகக் கைப்பையில் வெள்ளரித் துண்டுகள், உப்பில்லாத கச்சான் கடலை, சீனி சேர்க்காத பிஸ்கட். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியபோது எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். நான் அன்றைய உணவுத் திட்டத்தை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

சஹன் என்பது ஒரு பெரிய வட்டத் தட்டு. நிலத்தில் பாய் விரித்து, தட்டை நடுவில் வைத்து, ஆறு பேர் சுற்றி இருந்து அதிலேயே சாப்பிடுவார்கள். பர்ஸானா முதல் நாளே எனக்குப் பாடம் எடுத்திருந்தாள். உனக்கு முன்னால் உள்ள பக்கத்தில் மட்டும் எடு. பெரியவர்கள் தொடங்கிய பிறகு தொடங்கு. நடுவில் உள்ள கோழியை நீ பிய்க்காதே, உம்மா பிய்த்து வைப்பா. இவற்றை நான் ஒழுங்காக மனப்பாடம் செய்தேன். எப்படி முடிப்பது என்று அவள் சொல்லித்தரவில்லை. அது சொல்லித்தர வேண்டிய விஷயம் என்று மூதூரில் யாருக்கும் தோன்றியிருக்காது.

எங்கள் சஹனில் நானும் அம்மாவும், பர்ஸானாவின் உம்மா ஹபீபா, உம்மாவின் தங்கைமார் இருவர் (பர்ஸானாவின் சாச்சிமார்), பிறகு அன்றைய முக்கிய விருந்தாளியான மாப்பிள்ளையின் தாய். அவரை எல்லோரும் ரஹ்மா மாமி என்றார்கள். நல்ல ஆகிருதி, அதற்கேற்ற சிரிப்பு. உள் அறையிலிருந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி வந்தவர், "ஊசி போட்டாச்சு. இனிச் சாப்பாடு வந்தாச் சரி" என்று பாயில் இருந்தார்.

இன்சுலின் ஊசி. இன்சுலின் போட்டவர் வயிறாறச் சாப்பிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? அப்பாவுக்காகப் படித்த முதல் பக்கத்திலேயே அது இருந்தது. ஆனால் அன்றைக்கு என் மண்டையில் ஓடியது வேறு. 'ஊசியும் போட்டுக்கொண்டு நெய்ச்சோறும் சாப்பிடப் போகிறாவே, பாவம்' என்று அவருக்காகப் பரிதாபப்பட்டேன்.

சஹன் வந்தது. நெய்ச்சோற்றின் மேல் பொரித்த வெங்காயமும் கஜுப் பருப்பும். நடுவில் முழுக் கோழி. சுற்றிவர முட்டை, கத்தரிக்காய், மரக்கறி அச்சாறு, ஓரத்தில் வெள்ளரி. அம்மா என் காதருகில், "மாட்டிறைச்சி இருக்குமோ பிள்ளை?" என்று கேட்டதை உம்மா கண்டுபிடித்துவிட்டார்.

"ஒங்களுக்காக இந்தச் சஹன்ல கோழி மட்டுந்தான் தங்கச்சி. ஒண்டுக்கும் யோசியாம சாப்புடுங்க."

அம்மா யோசிக்கவில்லை. நான்தான் யோசித்தேன். என் பக்கத்துச் சோற்றின் ஓரத்தில் விரலால் ஒரு கோடு கீறினேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் என் கால் பங்கு. அந்தப் பக்கம் உபரி. கஜுவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அம்மாவின் பக்கம் தள்ளினேன். மரக்கறி பாதித் தட்டு இருக்க வேண்டும் அல்லவா? அதனால் வெள்ளரியையும் அச்சாற்றையும் நானே எடுத்துக்கொண்டேன். (மற்ற ஐந்து பேருக்கும் அச்சாறு மிஞ்சவில்லை என்று அம்மா பிறகு சொன்னார். இன்றும் சொல்கிறார்.)

உம்மா கோழியைப் பிய்த்து என் பக்கம் வைத்தார். "வெக்கப்படாம சாப்புடுங்க மகள்." நான் அதை அம்மாவின் பக்கம் நகர்த்தினேன். அவர் இன்னொன்று வைத்தார். அதுவும் நகர்ந்தது. துறைமுகத்தில் ஒரு கிரேன் இறக்க இறக்க இன்னொரு கிரேன் ஏற்றுவது போல இது கொஞ்ச நேரம் நடந்தது. அம்மாவுக்குத்தான் நல்ல காலம்.

என் பங்கு முடிந்தது. மற்றவர்கள் அப்போதுதான் கதைத்துச் சிரித்து மெல்லச் சூடுபிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை எடுத்தேன்.

"ஏன் மகள்? ருசியில்லையா?"

"இல்லை உம்மா, நல்லா இருக்கு. இதுக்கு மேல சாப்பிட்டா உடம்புக்குக் கூடாது."

தண்ணீர்ச் செம்பும் கை கழுவும் பாத்திரமும் வைத்துக்கொண்டு நின்ற பர்ஸானாவின் மச்சியைக் கூப்பிட்டு, அந்த இடத்திலேயே கையைக் கழுவி, லேஞ்சியால் துடைத்துக்கொண்டேன். எவ்வளவு நேர்த்தி! எவ்வளவு கட்டுப்பாடு!

உம்மாவின் கை சஹனில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார். பிறகு தன் கையை எடுத்தார். சாச்சிமார் இருவரும் எடுத்தார்கள். ரஹ்மா மாமி கையில் இருந்த கவளத்தை வாயில் போட்டு, பஸ் ஏறிப்போகும் பிள்ளையைப் பார்ப்பது போலச் சோற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, அவரும் எடுத்தார். கடைசியாக அம்மா. கையில் இருந்த கோழிக்காலைத் திரும்ப வைக்கும்போது அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

விருந்தாளி எழும்பினால் அவளைத் தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் தின்றுகொண்டிருப்பது மரியாதை இல்லை. ஒருவர் கை எடுத்தால் எல்லோரும் எடுப்பார்கள். அதனால்தான் பசி அடங்கியவர்கூட, பக்கத்தில் இருப்பவர் முடிக்கும்வரை சும்மா இரண்டு பருக்கையை உருட்டிக்கொண்டு இருப்பார். இது எனக்குத் தெரியாது. அப்போது நான் நினைத்தது என்ன தெரியுமா? (சொல்லவே கூசுகிறது.) என்னைப் பார்த்து இவர்களும் திருந்திவிட்டார்கள் என்று நினைத்தேன். மூதூரில் ஒரே மத்தியானத்தில் ஒரு முழுச் சஹனைத் திருத்திவிட்டேன்!

முக்கால்வாசிச் சோற்றோடு சஹன் உள்ளே போனது. அடுத்து இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. ரஹ்மா மாமி ஒரு கிண்ணத்தை ஆவலோடு எடுத்தார். நான் குனிந்து, மிகவும் அன்பாக, "மாமி, ஊசி போடுற ஆள் நீங்கள். இது வேண்டாமே" என்றேன்.

"ஓம் புள்ள. படிச்ச புள்ள சொல்றீங்க" என்று கிண்ணத்தைத் திரும்ப வைத்துவிட்டார்.

சோற்றைப் பறித்தது போதாதென்று அவரைக் காப்பாற்றக்கூடிய கடைசிப் பொருளையும் பறித்தேன். இந்த ஒழுங்குமுறையோடு ஒரு கட்டடத்தை இடித்திருந்தால் எனக்குப் பதவி உயர்வு தந்திருப்பார்கள்.

கொஞ்ச நேரம் போனது. கதிரையில் இருந்த ரஹ்மா மாமிக்கு வியர்க்கத் தொடங்கியது. மின்விசிறிக்குக் கீழேதான் இருந்தார். கை நடுங்கியது. பர்ஸானாவை மகனின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தார்.

வீடு கலங்கிப்போனது. பெண்கள் அவரைப் பாயில் கிடத்தினார்கள். வெளியே பந்தலில் ஆண்களின் சத்தம் கேட்டது.

"சாப்பாட்டுல ஏதும் பிழையா?"

"அந்தச் சஹன்ல ஒருத்தரும் சரியாச் சாப்புடல்லியாமே. பாதியிலயே கை எடுத்துட்டாங்களாம்."

"கோழிதான் பழுதாகியிரிக்கும்."

உம்மா சுவரோடு ஒட்டி நின்றார். விடியற்காலையிலிருந்து அடுப்பில் நின்ற முகம் அது. பர்ஸானா மருதாணிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கலியாணமாகி இன்னும் மருதாணி மங்கவில்லை. அதற்குள் மாமியாரைத் தாய் வீட்டுச் சாப்பாடு விழுத்திவிட்டது என்ற பேச்சு.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "சீனி இறங்கிட்டுது!" என்று கத்திக்கொண்டு கைப்பையைத் திறந்தேன். வெள்ளரி. கச்சான். சீனி சேர்க்காத பிஸ்கட். உலகத்தில் அந்த நேரத்துக்குப் பயன்படாத பொருட்களை யாரோ தேடித்தேடிச் சேர்த்தது போல இருந்தது.

அம்மா என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். தன் கைப்பையின் அடியிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சீனி. வெள்ளைச் சீனி. என் வீட்டுத் தடைப்பட்டியலில் முதலாவது. அதைத் தண்ணீரில் கரைத்து, மாமியின் தலையை மடியில் தாங்கி, மெல்ல மெல்லப் பருக்கினார். மாமிக்கு விழுங்க முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கண் நேராகியது. மாமியின் மகள் விரலில் குத்திச் சீனி பார்த்து, "ஏறுது, ஏறுது" என்றபோதுதான் நான் மூச்சு விட்டேன்.

ஆனால் வாசலில் மாமியின் அண்ணன் வந்து நின்றார். "இனி இஞ்ச ஒருத்தரும் ஒண்டையும் தொட வேணாம். தங்கச்சிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம். சாப்பாட்ட ஒரு பாத்திரத்துல எடுத்து வைங்க, டொக்டருக்குக் காட்ட வேணும்."

உம்மா சஹன் போன குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வேலைத்தளத்தில் ஒரு தூண் சரிந்து போனால் யாருடைய பிழை என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். எழுதியவரின் பெயர் ஒருநாளும் அதில் வந்ததில்லை. எழும்பி நின்றேன். "சாப்பாட்டில பிழை இல்லை" என்றேன். "பிழை நான்தான். மாமி ஊசி போட்டவ. நான் பாதியில கை கழுவினதால அவவும் நிப்பாட்டினவ. வட்டிலப்பத்தையும் நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான்."

அவர் என்னைப் பார்த்தார். ஏன் கழுவினாய் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தக் கூடத்தில் வைத்து 'கால் பங்கு சோறு' என்று சொல்ல வாய் வரவில்லை.

பாயிலிருந்து ரஹ்மா மாமி அண்ணனைக் கூப்பிட்டார். "காக்கா, சும்மா இரிங்க. எனக்கு ஒண்டுமில்ல. பசிக்கிது."

"பசிக்கிதா? விருந்துக்கு வந்தா?"

"விருந்தாளிப் புள்ள கை கழுவிட்டுது. பொறகு நான் எப்பிடி இரிந்து தின்னுற?" மாமி எழும்பி உட்கார்ந்தார். "ஹபீபா, அந்தச் சஹனக் கொண்டு வாங்க. நான் அந்தச் சோத்தைக் கண்ணால பாத்துட்டுத்தான் விட்ட நான்."

குசினிப் பக்கம் யாரோ சிரித்தார்கள். சாச்சிமார் சிரித்தார்கள். உம்மா அழுதுகொண்டே சிரித்தார். எனக்கு மட்டும் எதுவும் வரவில்லை.

சஹன் திரும்பி வந்தது. மாமி என்னைத் தன் பக்கத்தில் இருத்தினார். "இப்ப நீங்க என்னோட. நான் கை எடுக்கு மட்டும் ஒங்களுக்கு எடுக்க ஏலாது." வாசலில் அண்ணன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். சாப்பாடு நல்லது என்பதற்கு அன்று இருந்த ஒரே அத்தாட்சி என் வாய்தான். அவர் பார்க்க, நான் சாப்பிட்டேன். உம்மா கோழி வைத்தார், சாப்பிட்டேன். கஜு வைத்தார், அதையும் சாப்பிட்டேன். மாமி தோப்பூர் வேளாண்மையையும் நெல் விலையையும் மருமகனின் குறட்டையையும் பற்றி ஆறுதலாகக் கதைத்துக் கதைத்துச் சாப்பிட்டார். உலகத்திலேயே மெதுவாகச் சாப்பிடும் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். ஓட்ஸ் கஞ்சிக்கு மேல் நெய்ச்சோறு ஏற ஏற எனக்கு நெஞ்சுவரை வந்துவிட்டது. ஆனால் அந்தச் சோறு... முதல்முறை நான் அதன் பரப்பளவைத்தான் பார்த்திருந்தேன். இப்போதுதான் ருசி பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆளில்லை. பந்தலிலிருந்து, "எங்களுக்கும் இன்னொரு சஹன் அனுப்புங்க" என்ற அண்ணனின் குரல் மட்டும் வந்தது. உம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு குசினிக்குள் ஓடினார்.

விடைபெறும்போது பர்ஸானா என்னை வாசல் படலைக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போனாள். ஏச்சு விழும் என்று எதிர்பார்த்தேன். அவள் ஏசவில்லை.

"மாமிக்கு மாட்டிறைச்சி இல்லாட்டி விருந்தே இல்ல, தெரியுமா? ஒங்களுக்காகத்தான் ஒங்களோட இரிந்த சஹன்ல அத வேணாமெண்டவங்க."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குறைச்சுச் சாப்புடு நிரோ. அது நல்லதுதான். எங்கட மார்க்கத்துலயும் வயித்துல ஒரு பங்க வெறுமையா உடத்தான் சொல்லியிரிக்கி. ஒன்ட வயித்துல. மத்த ஆக்கள்ட வயித்துல இல்ல."

பஸ்ஸில் அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். பாலம் தாண்டியபிறகு கேட்டேன். "அந்தச் சீனி எப்பவும் உங்கட பையில இருக்கிறதோ?"

"தேத்தண்ணிக்கு."

"அப்பாவுக்கும் குடுக்கிறனீங்களோ?"

"அதை நீ கேக்கவும் வேண்டாம், நான் சொல்லவும் மாட்டன்."

குசினிச் சுவரில் அட்டவணை இன்னும் இருக்கிறது. அப்பாவின் கால்விரல் ஒன்று போனது போனதுதான், மிச்ச ஒன்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் நான் மாறவில்லை. அதன் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தேன். வெளியில் போனால் இது செல்லாது. ரஹ்மா மாமி அடிக்கடி போன் எடுத்து, வீட்டில் தனியாக இருக்கும் நாளில் சோற்றுக்குப் பதில் என்ன சாப்பிடலாம் என்று கேட்பார். சொல்வேன். கேட்டு நடப்பார். ஆனால் அவர் இருக்கும் சஹனில் நான் இருந்தால், பாயில் இருக்கும் எல்லோரும் முதலில் என் கையைத்தான் பார்ப்பார்கள்.

அதையும் பழகிக்கொண்டேன். பழக முடியாதது ஒன்று போன மாதம் நடந்தது. பர்ஸானா பிள்ளை பெற்ற பிறகு வேலையை விட்டுவிட்டாள். நானும் இடையில் கொழும்பில் ஒரு வேலைத்தளத்துக்குப் போய்விட்டதால் அவள் மகளை நான் கண்டதே இல்லை. மூன்று வயது. மூதூர் வீட்டுக்குப் போனபோது அவள் பாயில் இருந்தாள். ஒரு பக்கக் கன்னம் புடைத்திருந்தது. சோற்றை அடக்கி வைத்துக்கொண்டு விழுங்காமல் உம்மாவோடு போராட்டம்.

உம்மா என்னைக் கண்டு, "வாங்க மகள்" என்றார். பிறகு பேத்தியின் பக்கம் திரும்பி, "யார் வந்திரிக்கிறது தெரியுமா? இதுதான் நிரோஜா" என்றார்.

பிள்ளையின் கண் விரிந்தது. கன்னம் ஒரே நொடியில் வற்றியது. தொண்டை அசைந்தது. பிறகு எழுந்து, இரண்டு அடி பின்னுக்குப் போய், என்னைப் பார்த்தபடி வாயை அகலத் திறந்து காட்டியது.

உம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். "சோறு தின்னாட்டி நிரோஜா வந்து சஹனோட கொண்டு போயிருவா எண்டு சொல்லித்தான் இந்தப் புள்ளைக்குச் சோறு தீத்துற. அடுத்த ஊட்டுப் புள்ளயளுக்கும் இதான் கத."

மற்ற ஊர்களில் இந்த வேலைக்குப் பேயைக் கூப்பிடுவார்கள். பிள்ளை இன்னும் வாயை மூடவில்லை. நான் போய்க் குனிந்து பார்த்தேன். ஒரு பருக்கைகூட இல்லை.

"சரி" என்றேன்.